போஜிதாருக்கு மட்டும் வயதாகவில்லை

வயதாகிறவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். அவர்களைப் பற்றி எழுத என்ன இருக்கிறது? முழங்கால் வலிக்கிறது என்பார்கள், உட்கார இடம் தேடுவார்கள், பேரக்குழந்தையின் படத்தைக் காட்டுவார்கள், போய்விடுவார்கள். அவர்களால் யாருக்கும் தொந்தரவில்லை. நான் சொல்லவந்தது வேறொரு இனம். அறுபதைத் தாண்டியும் தனக்கு வயதாகவில்லை என்று நம்புகிற இனம். அந்த நம்பிக்கையைத் தனக்குள் வைத்துக்கொண்டாலாவது பரவாயில்லை. தன்னைத் தவிர மற்ற எல்லோருக்கும் ஆகிவிட்டது என்பதைத் தினம் ஒருவராகக் கண்டுபிடித்து, கண்டுபிடித்ததை மாடிப்படியில், ரொட்டிக்கடை வரிசையில், பஸ் நிறுத்தத்தில் என்று கிடைத்த இடத்திலெல்லாம் உரக்க அறிவித்து, கடைசியில் நம் முகத்தையும் ஒருமுறை இரக்கத்தோடு பார்த்துவிட்டுப் போகும் இனம் அது.

டான்யூப் நதிக்கரையில் இருக்கும் எங்கள் ரூசே நகரத்தில் நீங்கள் தடுக்கி விழுந்தால் இந்த இனத்தில் ஒருவர் மேல்தான் விழுவீர்கள். அவரும் உடனே எழுந்துவிட மாட்டார். நகராட்சியையும் நடைபாதைக் கல்லையும் திட்டி முடித்தபிறகே எழுவார்.

எங்கள் கட்டடத்திலேயே ஒருவர் இருக்கிறார். நாலாவது மாடியில் போஜிதார். மூன்றாவது மாடியில் நான். நாங்கள் இருவரும் ஒரே பள்ளியில் ஒரே வகுப்பில் படித்தவர்கள். ஆகவே வயதை மறைக்க இருவராலும் முடியாது. அவர் கணக்கில் நான் அறுபத்துநாலு வயதுக் கிழவி. அவர் அறுபத்துநாலு வயது வாலிபர்.

அவர் பத்திரிகை படிப்பதைப் பார்த்திருக்கிறீர்களா? கையை நீட்டுவார். போதாது. இன்னும் நீட்டுவார். கை முடிந்துபோனதும் தலையைப் பின்னுக்கு இழுப்பார். அப்படியும் எழுத்து பிடிபடவில்லை என்றால், பத்திரிகைக்காரன் மையை மிச்சம் பிடிக்கிறான், முன்பெல்லாம் எழுத்து எழுத்தாக இருந்தது என்பார். தொலைக்காட்சியில் நடிகர்கள் இப்போது வாய்க்குள்ளேயே பேசுகிறார்கள் என்பது அவருடைய நெடுநாள் குறை. அதனால் சத்தத்தைக் கூட்டி வைப்பார். அவர் வீட்டுத் தொடரில் யார் யாரைக் கைவிட்டார்கள் என்பதை நான் என் வீட்டுச் சமையலறையில் நின்றே தெரிந்துகொள்வேன். அவர் மனைவி ரோசித்சா பக்கத்தில் உட்கார்ந்து ஒன்று கேட்டால் மட்டும், "முணுமுணுக்காதே ரோசித்சா, வாயைத் திறந்து பேசு" என்பார். பாவம், அவள் சந்தையில் காய் விற்றவள். அவள் குரலைக் கேட்டால் ஆற்றுக்கு அக்கரையில் ருமேனியாக்காரன் திரும்பிப் பார்ப்பான்.

லிப்ட் கெட்டுப்போகும் நாட்களில் அவர் மாடி ஏறுவதைப் பார்க்கவேண்டும். ஒவ்வொரு திருப்பத்திலும் நிற்பார். மூச்சு வாங்கவா? சேச்சே. ஜன்னல் வழியே டான்யூப் நதியை ரசிக்க. இரண்டாவது மாடி ஜன்னலிலிருந்து எதிர்க்கட்டடத்தின் குப்பைத்தொட்டிதான் தெரியும். அதையும் நீண்டநேரம் ரசிப்பார்.

எங்கள் ஊர் வழக்கப்படி செத்துப்போனவர்களின் படத்தை ஒரு தாளில் அச்சடித்து வாசல் கதவிலும் பஸ் நிறுத்தத்திலும் மரத்திலும் ஒட்டுவார்கள். போஜிதார் எந்தத் தாளையும் படிக்காமல் கடந்ததில்லை. பெயரை அப்புறம் பார்ப்பார். முதலில் பிறந்த வருஷம். தன்னைவிட மூத்தவர் என்றால் ஒரு நிம்மதி. தன் வயது என்றால் விசாரணை. "குடிச்சிருப்பான்" என்பார். குடிக்காதவன் என்று நான் சொன்னால், "அப்போ சிகரெட்." அதுவும் இல்லை என்றால், "அவன் பொண்டாட்டியைத் தெரியும் எனக்கு." ஆக, எங்கள் வயதில் செத்தவன் ஒவ்வொருவனும் ஏதோ ஒரு தப்பு செய்துதான் செத்திருக்கிறான். தப்பே செய்யாத போஜிதார் எதற்குச் சாகவேண்டும்?

இப்படிப்பட்டவரைத்தான் போன மே மாதம் எங்கள் வகுப்புச் சந்திப்புக்கு அழைத்தோம். பள்ளியை முடித்து நாற்பத்தைந்து ஆண்டுகள். நதிக்கரை ஹோட்டலின் மாடியில் ஒரு மண்டபம் எடுத்திருந்தோம். முக்கியமாக, லியூபென் வருகிறான் என்று தெரிந்திருந்தது. லியூபெனும் போஜிதாரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர்கள். லியூபென் கனடாவுக்குப் போய் முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது. ஒருமுறைகூடத் திரும்பி வரவில்லை. இந்தத் தடவை வருகிறேன் என்று என்னிடம் போனில் சொன்னான். பக்கத்து நாற்காலியைப் போஜிதாருக்கு வைத்துவிடு, அவனிடம் ஒரு விஷயம் பேசவேண்டும் என்றும் சொன்னான். என்ன விஷயம் என்று நான் கேட்கவில்லை.

போஜிதார் சந்திப்புக்குத் தயாரானார். முதல்நாள் தலைக்குத் தானே சாயம் பூசிக்கொண்டார். டப்பாவில் வாதுமைப் பழுப்பு என்று போட்டிருந்ததாம். அந்தச் சின்ன எழுத்தை அவர் எப்படிப் படித்தாரோ, தலையில் வந்தது கத்திரிக்காய் நிறம். மூக்குக்கண்ணாடி வேண்டாம் என்று மேஜைமேல் வைத்துவிட்டுப் புறப்பட்டார். ரோசித்சா அதை எடுத்து, அவருக்குத் தெரியாமல் கோட்டின் மேல்பையில் போட்டு அனுப்பினாள். வேண்டுமென்றே அரைமணி தாமதமாகப் போனார். சீக்கிரம் போய் உட்கார்ந்திருப்பவர்கள் கிழங்கள் என்பது அவர் கொள்கை.

இனி சொல்வதில் பாதி நான் என் கண்ணால் பார்த்தது. மீதியை ஹோட்டல் பணியாளனும் எதிர் மண்டபத்துக்காரர்களும் சொன்னார்கள். போஜிதார் சொன்னதை நான் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை.

எங்கள் மண்டபத்தின் கதவு திறந்தது. கத்திரிக்காய்த் தலை ஒன்று உள்ளே நீண்டது. முப்பது பேரையும் ஒரு சுற்றுப் பார்த்தது. நான் கையை ஆட்டினேன். தலை வெளியே போய்விட்டது, கதவு மூடிக்கொண்டது. கழிப்பறைக்குப் போகிறார்போல என்று விட்டுவிட்டேன். அவர் வெளியே போய்ப் பணியாளனிடம், உள்ளே பென்ஷன்காரர் சங்கம் ஏதோ கூட்டம் போட்டிருக்கிறது, என்னுடைய வகுப்பு எங்கே என்று கேட்டிருக்கிறார். பணியாளன், இந்த மாடியில் இரண்டே மண்டபம், அதுவா இதுவா நீங்களே பாருங்கள் என்றிருக்கிறான்.

அந்த நேரத்தில் படிக்கட்டில் ஒருவர் தடியூன்றி ஏறிக்கொண்டிருந்தார். மெலிந்த உடம்பு, வழுக்கைத் தலை, காதில் கேட்கும் கருவி. நடுப்படியில் நின்று மூச்சு வாங்கிக்கொண்டு, பள்ளிக்கூடச் சந்திப்பு எந்தப் பக்கம் என்று போஜிதாரைக் கேட்டார். போஜிதார் காதில் 'பக்கம்' மட்டும் விழுந்தது. அது போதாதா? ஆளைப் பார்த்தாலே தெரிகிறதே.

"உங்க ஆளுங்க எல்லாம் இடது பக்கம் இருக்காங்க தாத்தா. பாத்து ஏறுங்க" என்று முழங்கையைப் பிடித்து மேலே ஏற்றியும் விட்டார். முதியவர்களுக்கு உதவுவதில் இந்த இனத்துக்கு அலாதிப் பிரியம். உதவுகிற நேரத்தில் யார் முதியவர் என்பது பார்க்கிறவர்களுக்குத் தெளிவாகிவிடுகிறது அல்லவா?

தடிக்காரர் நன்றி சொல்லிவிட்டு எங்கள் மண்டபத்துக்குள் வந்தார். லியூபென்தான். நாங்கள் சூழ்ந்துகொண்டு கட்டிப்பிடித்து முடித்ததும், "படியில ஒரு ஆள், தலை ஊதா கலர்ல, என்னைத் தாத்தான்னு கூப்பிட்டு ஏத்திவிட்டான்" என்றான். ஊதாத் தலை இந்த ஊரில் எத்தனை இருக்கும்? போய்த் தேடுகிறேன் என்று எழுந்தேன். அதற்குள் பாட்டுக்காரர்கள் தொடங்கிவிட்டார்கள், யாரோ என்னை ஆட்டத்துக்கு இழுத்துவிட்டார்கள்.

போஜிதார் அப்போது வலதுபக்க மண்டபத்தில் உட்கார்ந்து பாலாடைக்கட்டி வைத்த பனித்சா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அங்கே யோவானா என்ற பெண்ணின் குழந்தை நடக்கத் தொடங்கியதைக் கொண்டாடிக்கொண்டிருந்தார்கள். எங்களிடம் இது ஒரு சடங்கு. வெள்ளைத் துணியை விரித்து, உருண்டை ரொட்டியை அதன்மேல் உருட்டிவிடுவார்கள். குழந்தை அதன் பின்னால் நடந்துபோய்த் துணியின் கடைசியில் பரப்பியிருக்கும் பொருள்களில் ஒன்றை எடுக்கும். கத்தரிக்கோலை எடுத்தால் தையல்காரன், தூரிகையை எடுத்தால் ஓவியன் என்று அதன் தொழிலை அங்கேயே முடிவு செய்துவிடுவார்கள்.

முன்பின் தெரியாத ஒருவர் வந்து சாப்பிட உட்கார்ந்தால் விரட்டமாட்டார்களா என்று கேட்பீர்கள். குழந்தையின் அப்பா வழிக்காரர்கள் அவரை அம்மா வழி என்று நினைத்துக்கொண்டார்கள். அம்மா வழிக்காரர்கள் அப்பா வழி என்று நினைத்துக்கொண்டார்கள். இரண்டு பக்கமும் போட்டி போட்டுக்கொண்டு அவர் தட்டில் பரிமாறினார்கள், கிளாசில் ரக்கியா ஊற்றினார்கள். போஜிதாரோ, இவர்களெல்லாம் வகுப்புத் தோழர்களின் மகன்களும் மருமகள்களும், கிழங்கள் இனிமேல்தான் ஆடி அசைந்து வரும் என்று முடிவு கட்டியிருந்தார். சுற்றிலும் இளைஞர்கள். தன் இடத்துக்குத்தான் வந்திருக்கிறோம் என்று அவருக்குத் தோன்றியதில் வியப்பில்லை.

யோவானா அவரிடம் வந்து குனிந்து ஏதோ சொன்னாள். பேச்சுச் சத்தத்துக்கு நடுவே 'மண்டபத்திலேயே', 'நீங்கதான்' என்ற இரண்டு சொற்கள் அவர் காதை எட்டின. அழகான பெண் ஒருத்தி வந்து மண்டபத்திலேயே நீங்கள்தான் என்று சொன்னால் அதற்கு எத்தனை அர்த்தம் இருக்கும்? அவருக்கு ஒன்றுதான் தெரிந்தது. எழுந்து கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டார். நடுவில் வந்து நின்றார். எல்லோரும் கைதட்டினார்கள். அவர் தலையைச் சாய்த்து ஏற்றுக்கொண்டார். அப்புறம் அவர் கையில் ஒரு பெரிய ரொட்டியைக் கொடுத்தார்கள்.

"எதுக்கு நான்?" என்று கேட்டார்.

யோவானா நல்ல பெண். காது மந்தமானவர்களிடம் எப்படிப் பேசவேண்டும் என்று தெரிந்தவள். அவர் காதருகே வந்து, ஒவ்வொரு சொல்லாக, மண்டபம் முழுக்கக் கேட்கும்படி சொன்னாள்.

"இங்க இருக்கிறவங்கள்லயே நீங்கதான் ரொம்ப வயசானவர், தாத்தா. வயசானவர் கையால உருட்டினா குழந்தைக்கு ஆயுசு கெட்டி."

மறுபடியும் கைதட்டல். இந்தத் தடவை இன்னும் பலமாக. என்ன செய்வார்? ஒரு குழந்தையின் ஆயுளை வைத்துக்கொண்டு, நான் இளைஞன், வேறு ஆளைப் பாருங்கள் என்று சொல்ல முடியுமா? குனிந்தார். ரொட்டியை உருட்டினார். ரொட்டி போய்விட்டது. அவர் நிமிரவில்லை.

முதலில், பெரியவர் குழந்தைக்காக வேண்டிக்கொள்கிறார் என்று நினைத்து எல்லோரும் அமைதியாக நின்றார்களாம். குனிந்த வேகத்தில் அவர் மேல்பையிலிருந்து கண்ணாடி நழுவித் துணியில் விழுந்தது. குழந்தை தள்ளாடித் தள்ளாடி வந்தது. கத்தரிக்கோலைப் பார்க்கவில்லை, தூரிகையைப் பார்க்கவில்லை, மருத்துவரின் ஸ்டெதாஸ்கோப்பையும் பொம்மைக் காரையும் மதிக்கவில்லை. நேராக வந்து போஜிதாரின் கண்ணாடியை எடுத்துக்கொண்டது. படிப்பாளி, பேராசிரியன் என்று ஒரே கொண்டாட்டம். அந்த ஆரவாரத்தில், இடுப்பு பிடித்துக்கொண்டதில் மடிந்து தரையைப் பார்த்தபடி நின்ற மனிதர், "அது என் மனைவியோடது" என்று சொன்னதை யாரும் பொருட்படுத்தவில்லை.

கடைசியில் பணியாளன் வந்துதான் விஷயம் வெளிப்பட்டது. குழந்தையின் அப்பாவும் மாமனும் ஆளுக்கொரு கையைப் பிடித்து, மடிந்தது மடிந்தபடியே அவரை எங்கள் மண்டபத்துக்குக் கொண்டுவந்தார்கள். கையில் ஒரு துண்டு ரொட்டி வேறு. நாற்பத்தைந்து ஆண்டு கழித்து வகுப்பைச் சந்தித்த போஜிதார், முதலில் பார்த்தது எங்கள் செருப்புகளை. எல்லாம் மெத்தென்ற, அகலமான, வலிக்காத செருப்புகள். பென்ஷன்காரர் சங்கம்தான் என்று அப்போதும் அவர் நினைத்திருக்கலாம். ஒரு நாற்காலியில் மெல்ல இறக்கி வைத்தார்கள். அது லியூபெனின் பக்கத்து நாற்காலி.

லியூபென் அவர் தலையைப் பார்த்தான்.

"நீதானா? என்னை முழங்கையைப் பிடிச்சு ஏத்திவிட்ட புண்ணியவான்?"

இந்த இடத்தில் நீங்களும் நானும் என்ன சொல்லியிருப்போம்? மன்னிச்சுக்கோடா என்றிருப்போம். போஜிதார் சொன்னார்: "படிக்கட்டுல வெளிச்சம் பத்தலடா. நீயும் ரொம்பத்தான் மாறிட்டே. உடம்பைக் கவனிச்சுக்கணும்டா."

நாங்கள் எல்லோரும் சிரித்தோம். லியூபென்தான் அதிகமாகச் சிரித்தான். அக்கார்டியன்காரன் வேகப் பாட்டு ஒன்றை எடுத்தான். பாதிப் பேர் கைகோத்து ஆடப் போனார்கள். லியூபென் தன் நாற்காலியை நெருக்கிப் போட்டுக்கொண்டு போஜிதாரின் பக்கம் சாய்ந்தான். நான் இந்தப் பக்கம் இருந்ததால் எனக்குக் கேட்டது.

"அடுத்த மாசம் எனக்கு நெஞ்சைத் திறக்கறாங்க போஜோ. டாக்டர் எதையும் உறுதியாச் சொல்லல. அதான் வந்தேன். வேற யாருக்கும் சொல்லல, உனக்கு மட்டும் சொல்லணும்னு தோணுச்சு."

போஜிதார் தலையைப் பின்னுக்குச் சாய்த்துச் சிரித்தார். தொடையில் தட்டிக்கொண்டு சிரித்தார். "நீ மாறவே இல்லடா" என்றார்.

நான் கிளாசைக் கீழே வைத்தேன். இந்த இனத்தின் சிரிப்பைப் பற்றி உங்களுக்குச் சொல்லவேண்டும். காது கேட்காதபோது அவர்கள் என்ன என்று கேட்கமாட்டார்கள். கேட்டால் வயதாகிவிட்டது என்று ஆகிவிடுமே. எதிராளியின் முகத்தைப் பார்ப்பார்கள். முகம் சுருங்கியிருந்தால் த்ச் த்ச் என்பார்கள். முகம் சிரித்தால் தாங்களும் சிரிப்பார்கள். பத்துக்கு ஒன்பது தடவை சரியாகவே போய்விடும். லியூபென் நெஞ்சைத் திறக்கிறார்கள் என்பதைச் சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டான். பயந்தவன் வேறு எப்படிச் சொல்லுவான்?

லியூபெனின் முகத்தில் சிரிப்பு அப்படியே நின்றது. அதை எடுக்கவும் தெரியாமல் வைத்துக்கொள்ளவும் தெரியாமல் என்னைத் திரும்பிப் பார்த்தான். நான் எழுந்துபோய் அக்கார்டியன்காரனின் தோளைத் தொட்டு நிறுத்தச் சொன்னேன். பாட்டு நின்றது. ஆடினவர்கள் கோத்த கைகளோடு நின்றார்கள். நான் திரும்பி, "அவருக்குக் கேக்கல லியூபென். இன்னொரு தடவை சொல்லு" என்றேன்.

லியூபென் சொன்னான். சத்தமாகத்தான் சொல்லவேண்டியிருந்தது. ஒரே ஒருவனுக்கென்று கடல் தாண்டிக் கொண்டுவந்ததை முப்பது பேரும் கேட்டோம்.

சாயம் பூசிய தலைக்குக் கீழே போஜிதாரின் முகம் என் வயதுக்கு வந்துவிட்டது. என்ன தப்பு செய்தான், குடித்தானா, புகைத்தானா என்ற விசாரணை எதையும் காணோம். ரொட்டித் துண்டை மேஜைமேல் வைத்தார். பிறகு, நான் அறிந்தவரை அவர் வாழ்க்கையில் சொன்ன ஒரே உண்மையைச் சொன்னார்.

"முதல்ல சொன்னப்போ எனக்குக் கேக்கலடா."

"தெரியுது" என்றான் லியூபென்.

அதற்குப்பின் இருவரும் பிரியும்வரை ஒருவரையொருவர் விட்டு நகரவில்லை. போஜிதார் வெட்கமில்லாமல் காதைக் கையால் குவித்துக்கொண்டு கேட்டார். மறுநாள் காலையில் லியூபென் விமானத்துக்காகப் பாலம் கடந்து அக்கரை ருமேனியாவின் புக்கரெஸ்ட்டுக்குப் பஸ் ஏறியபோது, இடுப்பில் ரோசித்சாவின் கம்பளிச் சால்வையைச் சுற்றிக்கொண்டு வழியனுப்பப் போயிருந்தார். பஸ் மறைகிறவரை கையாட்டினார் என்று ரோசித்சா சொன்னாள்.

இத்தோடு மனிதர் திருந்திவிட்டார் என்று நினைக்கிறீர்களா? உங்கள் நல்ல மனதுக்கு அப்படித் தோன்றும்.

அந்த வாரமே போஜிதார் காது மருத்துவரிடம் போனார். ரோசித்சாவுக்குக் காட்டப்போகிறேன் என்று கட்டடம் முழுக்கச் சொல்லிவிட்டுப் போனார். அவளும் கூடப் போய், தனக்கில்லாத நோய்க்காகக் காத்திருக்கும் அறையில் அனுதாபத்தை வாங்கிக்கொண்டு வந்தாள். இப்போது அவர் காதில் சின்னதாக ஒரு கருவி இருக்கிறது. அது என்ன என்று எங்கள் கட்டடத்தில் ஒருவர் கேட்டுவிட்டார். போஜிதார் அவரை ஏற இறங்கப் பார்த்து, "போன் பேசறதுக்கு. இப்போ பசங்க எல்லாம் இதைத்தான் போட்டுக்கறாங்க. உங்களுக்கெல்லாம் புரியாது" என்றார். ஆக, காது போனதும்கூட அவருடைய இளமைக்கு ஒரு சாட்சி ஆகிவிட்டது.

லியூபெனின் நெஞ்சைத் திறந்தார்கள், மூடியும் விட்டார்கள். தேறி வருகிறான். ஞாயிற்றுக்கிழமை தோறும் இருவரும் போனில் பேசுகிறார்கள். அறுவை நடந்த அன்று போஜிதார் என் வீட்டுச் சமையலறையில் உட்கார்ந்து, செய்தி வருகிறவரை ஒரு வாய் காப்பி குடிக்கவில்லை என்பதையும் நியாயமாக நான் சொல்லத்தான் வேண்டும். ஆனால் போன ஞாயிறு பேசி முடித்ததும் இறங்கி வந்தார். உட்கார்ந்தார். பெருமூச்சு விட்டார்.

"பாவம் லியூபென், வயசாயிடுச்சு. சொன்னதையே திரும்பத் திரும்பச் சொல்றான்" என்றார்.

நான் எழுதிய இதன் முதல் பக்கத்தை, பெயரை மட்டும் விட்டுவிட்டு, அவருக்கு வாசித்துக் காட்டினேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அடுத்த வாசலில் இருக்கும் ஸ்தாமெனை அப்படியே எழுதிவிட்டேன் என்றார். ஒரு பிரதி கொடு, அவன் கதவிடுக்கில் செருகிவிட்டு வருகிறேன், அப்போதாவது அந்த ஆளுக்குப் புத்தி வருகிறதா பார்ப்போம் என்று கேட்டு வாங்கிக்கொண்டும் போனார். ஸ்தாமென் அதைப் படித்துவிட்டு யாருக்குக் கொடுத்தாரோ தெரியாது.

உங்களுக்கும் இந்நேரம் ஒருவர் ஞாபகம் வந்திருப்பார். உங்கள் தெருவிலோ, அலுவலகத்திலோ, சம்பந்தி வீட்டிலோ. அவர் இதை அவசியம் படிக்கவேண்டும் என்று உங்களுக்குத் தோன்றியிருக்கும். தாராளமாகக் கொண்டுபோய்க் கொடுங்கள். கொடுக்க வேண்டுமென்றால் உட்கார்ந்த இடத்தைவிட்டு எழுந்திருக்க வேண்டும், இல்லையா? எழுந்திருக்கும்போது கை தானாக எதையாவது தேடிப் பிடித்து, வாயிலிருந்து சின்னதாக ஒரு முனகல் வந்தால் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். உங்களுக்கு எங்கே வயதாகிறது? இந்தக் காலத்தில் நாற்காலியைத்தான் ரொம்பத் தாழ்வாகச் செய்கிறார்கள்.